பவுடர், பாவாடை, பின்னல்: ஆப்பிரிக்க இளம்பெண்ணுக்கு அறிவுரை சொல்வது யார்?

சென்ற வாரம் எங்கள் துறையில் முதலாண்டு ஆய்வு மாணவியொருவர் தம் ஆய்வுத் திட்டத்தை முன்வைத்தார். ஆப்பிரிக்க நகரங்களின் இளம்பெண்களுக்காக எழுதப்படும் வாழ்க்கைமுறைக் கட்டுரைகளே அவர் தேர்ந்துகொண்ட பொருள். கூந்தல் பராமரிப்பு, உடை, சருமம், காதல், முதல் சம்பளத்தைச் செலவிடும் வழி என்று அவற்றின் உள்ளடக்கத்தை வகைப்படுத்தியிருந்தார். அவர் முடித்ததும் குழுவிலிருந்த மூத்தவர் ஒருவர் புன்னகையோடு, "எல்லாம் சரி, இதில் ஆய்வு எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். அறையில் பலரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு இன்றுவரை உறுத்திக்கொண்டிருப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

நம் நாட்டில் ஆப்பிரிக்கா குறித்த கல்விப்புல அக்கறை விடுதலைப் போராட்டங்களின் காலத்தில் வேர்கொண்டது. அதனால் நாம் கேட்கப் பழகிய கேள்விகளும் அரசுகளைப் பற்றியவை: காலனியம், அணிசேராமை, எல்லைத் தகராறு, கனிமம், கடன், அண்மைக் காலத்தில் சீனா. இவற்றின் முதன்மையை நான் மறுக்கவில்லை. ஆனால் இந்தப் பட்டியலில், வேலைக்குப் புறப்படுமுன் கண்ணாடியின் முன் நிற்கும் இருபது வயதுப் பெண்ணுக்கு இடமே இல்லை. அவள் எதை உடுத்துகிறாள், தலைமுடியை எப்படி வைத்துக்கொள்கிறாள் என்பன நம் பார்வையில் பொழுதுபோக்குப் பக்கத்துக்கு உரியவை.

வரலாறு வேறுவிதமாகச் சொல்கிறது. ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகளாக அந்தக் கண்ணாடியின் முன் பத்திரிகை ஆசிரியரும் பாதிரியாரும் பள்ளித் தலைமையாசிரியரும் குடியரசுத் தலைவரும் வணிகரும் வரிசையாக வந்து நின்றிருக்கிறார்கள். ஒவ்வொருவரும் அவளுக்கு அறிவுரை சொல்லியிருக்கிறார்கள். சிலர் அவள் குரலிலேயே பேசியிருக்கிறார்கள். அந்தக் குரல் யாருடையது என்று கேட்பதே ஆய்வுதான் என்பது என் வாதம்.

தென்னாப்பிரிக்காவிலிருந்து தொடங்கலாம். 1932இல் ஜோகன்னஸ்பர்க்கில் 'பாண்டு வேர்ல்ட்' என்ற செய்தித்தாள் தொடங்கப்பட்டது. கல்வி கற்ற கறுப்பின வாசகர்களை நோக்கிய அந்த ஏட்டில் பெண்களுக்கென்று தனிப் பக்கங்கள் இருந்தன. 1930களின் தொடக்கத்தில் அங்கே காரசாரமாக நடந்த விவாதங்களில் ஒன்று, கறுப்பினப் பெண்கள் முகத்துக்குப் பவுடரும் உதட்டுக்குச் சாயமும் பூசலாமா என்பது. பூசினால் வெள்ளையரைப் பின்பற்றுவதாகும், இனத்தின் மானம் போகும் என்றது ஒரு தரப்பு. நாகரிகமடைந்த பெண்ணின் அடையாளமே அதுதான் என்றது மற்றொன்று. அதே ஏடுதான் அக்காலத்தில் வாசகிகளின் புகைப்படங்களை வெளியிட்டு அழகுப் போட்டியும் நடத்தியது. வரலாற்றாய்வாளர் லின் தாமஸ் இந்த விவாதத்தை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். அவர் எழுத்தில் என்னை நிறுத்திய தகவல் ஒன்றுண்டு. அந்தப் பெண்கள் பக்கத்தை 'ஆசிரியை' என்ற பெயரில் நடத்தி, பெண்களுக்குப் பெண்ணாக நின்று புத்தி சொன்னவர் ஓர் ஆண், எழுத்தாளர் ஆர்.ஆர்.ஆர். த்லோமோ.

இது தனித்த நிகழ்வன்று. 1951இல் தொடங்கப்பட்டு, பின்னர் மேற்கிலும் கிழக்கிலும் பதிப்புகள் கண்ட 'டிரம்' இதழில் 'அன்புள்ள டாலி' என்ற ஆலோசனைப் பகுதி வந்தது. காதலன் கைவிட்டதையும், வீட்டார் மறுக்கும் திருமணத்தையும், நகரத்துத் தனிமையையும் வாசகர்கள் எழுதிக் கேட்டார்கள். பாடகியும் நடிகையுமான டாலி ராத்பேயின் பெயர் அந்தப் பகுதிக்கு முகமாக நின்றது. பதில்களை எழுதியவர்களோ இதழின் ஆண் பத்திரிகையாளர்கள். அவர்களில் பலர் திறமையான எழுத்தாளர்கள் என்பதில் ஐயமில்லை. இருந்தாலும், ஓர் இளம்பெண் தன் அந்தரங்கத்தை மற்றொரு பெண்ணிடம் சொல்வதாக நம்பி எழுதிய கடிதத்தை ஓர் ஆண் பிரித்துப் படித்து, பெண்ணின் கையெழுத்திட்டு அவளுக்கு நெறி வகுத்தார் என்பதைச் சாதாரணமாகக் கடந்துவிட முடியவில்லை. வாழ்க்கைமுறைப் பக்கத்தின் பிறப்பிலேயே இந்த ஆள்மாறாட்டம் இருக்கிறது.

விடுதலைக்குப் பின் அறிவுரை ஆணையாக மாறியது. 1968 அக்டோபரில் தான்சானியாவின் ஆளுங்கட்சியான டானுவின் இளைஞரணி 'ஆபரேஷன் விஜானா' என்ற இயக்கத்தை அறிவித்தது. விஜானா என்றால் சுவாஹிலியில் இளைஞர். மினி ஸ்கர்ட், விக், தோலை வெளுக்கவைக்கும் களிம்பு, இறுக்கமான உடை ஆகியவை தேசியப் பண்பாட்டுக்குப் புறம்பானவை என்றும் 1969 புத்தாண்டு நாள் முதல் அவை கூடாது என்றும் தீர்மானமாயிற்று. தடை நடைமுறைக்கு வருவதற்கு முன்பே தாருஸ்ஸலாமின் கரியாகூ பேருந்து நிலையத்தில் இளைஞர் கும்பல்கள் பெண்களைத் தாக்கத் தொடங்கின. ஆண்ட்ரூ இவாஸ்காவின் 'கல்ச்சர்டு ஸ்டேட்ஸ்' என்ற நூல் இந்த நாட்களைப் பதிவு செய்கிறது.

இதன் மறுபக்கத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஏறத்தாழ அதே காலத்தில் அதே அரசு மாசாய் மக்களிடம் அவர்களுடைய மரபான உடையைக் கைவிட்டு 'நவீன' உடை அணியுமாறு வற்புறுத்திக்கொண்டிருந்தது. நகரத்துப் பெண் மிகையாக நவீனமாகிவிட்டாள். மாசாய் போதிய அளவு நவீனமாகவில்லை. எது அளவு என்று தீர்மானிக்கும் உரிமையை அரசு தன் கையில் வைத்துக்கொண்டது. 'மரபா, மேற்கா' என்று நாம் கருத்தரங்குகளில் ஓயாமல் எழுப்பும் கேள்வி எவ்வளவு பொய்யானது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. பிரச்சினை மரபைப் பற்றியதாக இருந்திருந்தால் மாசாயின் சிவப்புத் துணி போற்றப்பட்டிருக்கும்.

மலாவியில் நடந்தது இன்னும் கூர்மையானது. அங்கே 1973இல் வந்த உடைக் கண்ணியச் சட்டம், பெண்கள் முழங்கால் தெரியும் பாவாடையையும் கால்சட்டையையும் அணிவதைக் குற்றமாக்கியது. ஆண்களின் நீண்ட முடிக்கும் தடை வந்தது. ஆப்பிரிக்கப் பண்பாட்டின் பெயரால் இந்தச் சட்டத்தைக் காத்து நின்ற குடியரசுத் தலைவர் ஹேஸ்டிங்ஸ் பண்டா, வாழ்நாள் முழுவதும் ஆங்கிலேயரின் மூன்று துண்டு சூட்டும் தொப்பியும் அணிந்தவர். அவருடைய சூட்டு யாருக்கும் அந்நியமாகப் படவில்லை. பண்பாட்டைச் சுமக்கும் பொறுப்பு பெண்ணின் முழங்காலுக்கு மட்டுமே தரப்பட்டிருந்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் உகாண்டாவில் இடி அமீனும் குட்டைப் பாவாடையைத் தடை செய்திருந்தார்.

ஏன் இந்தப் பதற்றம்? இவாஸ்கா முதலானோரைப் படித்து நான் அடையும் விடை பொருளாதாரம் சார்ந்தது. அறுபதுகளில் தட்டச்சுப் பணியாளராகவும் செவிலியராகவும் விற்பனையாளராகவும் இளம்பெண்கள் நகரத்துக்கு வந்தார்கள். தந்தையின் கையையும் கணவனின் கையையும் எதிர்பாராத சிறு சம்பளம் அவர்களிடம் இருந்தது. அந்தச் சம்பளம் கண்ணுக்குத் தெரிவதில்லை. அதில் வாங்கிய பாவாடை தெரிகிறது. நகரத்தில் வேலையின்றி அலைந்த இளைஞனுக்கு அந்தப் பாவாடை தன் தோல்வியின் அறிவிப்பாகத் தோன்றியது. வேலை கொடுக்க இயலாத அரசு, அவனுக்குக் காவல் வேலை கொடுத்தது.

தாக்குதல்கள் நடந்த இடங்களை வரிசைப்படுத்திப் பாருங்கள். 1968இல் கரியாகூ பேருந்து நிலையம். 2008இல் ஜோகன்னஸ்பர்க்கின் நூர்ட் தெரு டாக்சி நிலையத்தில் குட்டைப் பாவாடை அணிந்திருந்த இளம்பெண்ணை ஆண்கள் சூழ்ந்து மானபங்கப்படுத்தினார்கள். 2012 ஜனவரியில் மலாவி நகரங்களின் சந்தைத் தெருக்களில் கால்சட்டை அணிந்த பெண்கள் தாக்கப்பட்டார்கள்; பண்டாவின் சட்டம் போய் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன. 2014 நவம்பரில் நைரோபியில் மீண்டும் ஒரு பேருந்து நிறுத்தம். எல்லாமே வீட்டுக்கும் வேலைக்கும் இடைப்பட்ட இடங்கள். வீட்டில் அவள் மகள், அலுவலகத்தில் ஊழியர். பேருந்துக்காக நிற்கும் பத்து நிமிடத்தில்தான் அவள் யாருக்கும் உரியவளாக இல்லாத தனி ஆள். அந்தப் பத்து நிமிடமே பொறுக்க முடியாததாக இருந்திருக்கிறது. 'துகிலுரிதல்' என்ற சொல் நமக்கு ஓர் அரசவையை நினைவூட்டும். இக்காலத்து அவை பேருந்து நிலையத்தில் கூடுகிறது. தலைகுனிந்து வாய்மூடி இருப்பவர்களும் அங்கே உண்டு.

ஆனால் இந்த முறை பதில் சொன்னது பெண்களின் சொந்தக் குரல். மலாவியில் அவர்கள் திரண்டு எழுப்பிய முழக்கத்தின் பொருள் இது: இன்று உன்னிடம் பொருள் வாங்குகிறேன், நாளை நீ என் உடையைக் களைகிறாய். தாக்கிய தெருவோர வியாபாரிகளின் பிழைப்பே தங்கள் பணத்தில்தான் நடக்கிறது என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. நைரோபியில் 2014 நவம்பர் 17 அன்று 'என் உடை என் தேர்வு' என்ற முழக்கத்தோடு பெண்கள் ஊர்வலம் சென்றார்கள். அதை ஒருங்கிணைத்தது 'கிலிமானி மம்ஸ்' என்ற முகநூல் குழு. தாய்மார்கள் அன்றாடச் செய்திகளைப் பகிர்ந்துகொள்ளும் தளம், அதாவது நாம் சிரித்து ஒதுக்கும் அதே 'வாழ்க்கைமுறை' வெளி. அடுத்த மாதமே கென்யா தன் குற்றவியல் சட்டத்தைத் திருத்தி, பிறரை வலுக்கட்டாயமாக ஆடை களைவதைத் தனிக் குற்றமாக்கியது. உகாண்டாவில் அதே 2014இல் ஆபாசத் தடைச் சட்டம் வந்தபோது அதை மக்கள் 'மினி ஸ்கர்ட் சட்டம்' என்றே அழைத்தார்கள். அதன் முக்கியப் பிரிவுகளை 2021இல் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் செல்லாதவை என அறிவித்தது. அங்கும் வழக்குத் தொடுத்தவர்களில் பெண்கள் அமைப்பினர் இருந்தனர்.

இனி தலைமுடி. நிறவெறி ஆட்சியில் 1950ஆம் ஆண்டின் மக்கள்தொகைப் பதிவுச் சட்டம் ஒவ்வொரு மனிதரையும் ஓர் இனத்தில் அடைத்தது. ஐயம் எழுந்த இடங்களில் அதிகாரிகள் கையாண்ட சோதனைகளில் ஒன்று, முடியில் ஒரு பென்சிலைச் செருகிப் பார்ப்பது. பென்சில் விழுந்தால் ஒரு வாழ்க்கை, நின்றால் வேறொரு வாழ்க்கை. எந்தத் தெருவில் குடியிருக்கலாம், எந்தப் பள்ளியில் படிக்கலாம், யாரை மணக்கலாம் என்பதெல்லாம் முடியின் சுருளில் தொங்கிக்கொண்டிருந்தன. இதை அறிந்தவருக்கு 2016 ஆகஸ்டில் பிரிட்டோரியா மகளிர் உயர்நிலைப் பள்ளியில் நடந்தது வியப்பளிக்காது. கறுப்பின மாணவிகளின் இயல்பான சுருள்முடி 'ஒழுங்கற்றது' எனப்படுவதை எதிர்த்து அவர்கள் போராடினார்கள். கைகளைத் தலைக்குமேல் குறுக்காக உயர்த்தி நின்ற 13 வயது மாணவியின் படம் உலகமெங்கும் சென்றது. மாகாணக் கல்வி அமைச்சர் தலையிட்டு, பள்ளியின் நடத்தை விதிகளில் முடி பற்றிய பகுதியை நிறுத்திவைத்தார். நிறவெறி சட்டப்படி முடிந்து இருபதாண்டுகளுக்கு மேலாகியும் பென்சில் முழுமையாக விழவில்லை.

இதை வெள்ளையர் கறுப்பர் சிக்கலாக மட்டும் சுருக்கிவிட முடியாது. கானா, உகாண்டா, கென்யா உட்படப் பல நாடுகளின் பள்ளிகளில் மாணவிகள் முடியை ஒட்ட வெட்டிக்கொள்ள வேண்டும் என்ற வழக்கம் நீண்ட காலமாக இருக்கிறது. தலைமையாசிரியரும் கறுப்பர், மாணவியும் கறுப்பர். சுத்தம், சமத்துவம், நேரச் சிக்கனம் என்று காரணங்கள் சொல்லப்படுகின்றன. அவற்றில் உண்மை இல்லாமலில்லை: பின்னலுக்குப் பணமும் பல மணி நேரமும் வேண்டும், ஏழை மாணவிக்கு அது சுமைதான். ஆனால் பள்ளி முடித்து வெளியேறும் பதினெட்டு வயதுப் பெண், தன் தலையில் முளைப்பதை எப்படிப் பேணுவது என்பதையே அறியாமல் வெளியேறுகிறாள். அவளுக்கு அதைச் சொல்லித் தருவது யார்? அக்காமார்கள், முடி பின்னும் கடைக்காரப் பெண்கள், கைப்பேசித் திரையில் தன் குளியலறையிலிருந்து பேசும் இன்னொரு இளம்பெண். நாம் அற்பம் என்னும் அந்தக் காணொளி, பள்ளி தர மறுத்த பாடத்தைத் தருகிறது.

இந்த இடத்தில் நம்மில் முற்போக்கானவர்கள் ஒரு தவறு செய்கிறோம். இயற்கை முடி என்றால் விடுதலை, சவுரியும் விக்கும் என்றால் அடிமை மனம் என்று எளிதாகத் தீர்ப்பெழுதிவிடுகிறோம். லாகோஸ் நகரின் நாகரிகப் பெண்களை நேர்கண்டு சிமிடேலே தோசேகுன் எழுதிய 'ஃபேஷனிங் போஸ்ட்ஃபெமினிசம்' (2020) இந்தத் தீர்ப்பை மறுபரிசீலனை செய்யவைக்கிறது. நீண்ட சவுரி, செயற்கை இமை, உயர்ந்த குதிகால் செருப்பு இவற்றோடு திரியும் அந்தப் பெண்கள் தங்களை வெள்ளைக்காரியாக்கிக்கொள்ள முயல்வதாக நினைக்கவில்லை. வெற்றி பெற்ற நைஜீரியப் பெண் இப்படித்தான் தோன்றுவாள் என்று நினைக்கிறார்கள். அந்த நினைப்புக்குப் பின்னால் இனவாதத்தின் நீண்ட நிழல் கிடக்கிறது என்பதை நூலாசிரியர் மறைப்பதில்லை. அதே வேளையில், அவர்களை ஏமாந்தவர்களாக வரைவதுமில்லை. 'இயற்கையாக இரு' என்பதும் ஓர் ஆணையாக மாற முடியும். 1968இல் விக்கைத் தடை செய்தவர்களும் இயற்கையின் பெயரால்தானே பேசினார்கள்?

சரி, அந்தச் சவுரி எங்கிருந்து வருகிறது? இங்குதான் நாம் கதைக்குள் நுழைகிறோம். உலகச் சந்தைக்கு மனித முடியை அனுப்பும் முதன்மை நாடுகளில் இந்தியா ஒன்று. திருப்பதியிலும் பழனியிலும் பக்தர்கள் இறக்கிய முடி ஏலத்தில் விற்கப்படுகிறது. அது போக, வீட்டில் சீப்பில் தங்கும் முடியைச் சேர்த்துவைத்துத் தெருவில் வருபவரிடம் கொடுத்துச் சிறு பாத்திரமோ சில்லறையோ வாங்கும் பெண்களை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். அந்த முடியின் சிக்கலைக் கையால் பிரித்தெடுப்பவர்களும் பெரும்பாலும் பெண்களே. மானிடவியலாளர் எம்மா டார்லோ 'என்டேங்கில்மென்ட்' (2016) என்ற நூலில் இந்தத் தடத்தைத் தொடர்ந்து சென்றிருக்கிறார். இப்படிச் சேர்ந்த முடியின் ஒரு பகுதி நேராகவோ சீனத் தொழிற்கூடங்கள் வழியாகவோ லாகோஸ், ஜோகன்னஸ்பர்க் கடைகளை அடைகிறது. அங்கே அதன் மேல் 'பிரேசிலியன்', 'பெருவியன்' என்று எழுதியிருக்கும். அவை வணிகப் பெயர்கள் மட்டுமே, ஊர்ப் பெயர்கள் அல்ல. ஒருத்தி வேண்டுதலாக இழந்ததை, அல்லது வறுமையில் விற்றதை, மற்றொருத்தி மாதச் சம்பளத்தில் கணிசமான பகுதியைக் கொடுத்து வாங்குகிறாள். இருவருக்கும் மற்றவளின் பெயர் தெரியாது.

செயற்கை முடியிலும் நம் பங்கு உண்டு. மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட கோத்ரெஜ் கன்ஸ்யூமர் நிறுவனம் தென்னாப்பிரிக்காவில் 2006இல் ராபிடாலையும் 2008இல் கிங்கியையும் வாங்கியது. 2011இல் ஆப்பிரிக்கா முழுவதும் பெயர்பெற்ற டார்லிங் நிறுவனத்தின் பங்குகளைக் கையகப்படுத்தியது. நைரோபிக் கல்லூரி மாணவியின் பின்னலில் கோக்கப்பட்ட இழைக்கும் மும்பைப் பங்குச் சந்தைக்கும் நேர்த்தொடர்பு இருந்திருக்கிறது. அவளுடைய அழகுணர்வை 'அற்பம்' என்று நம் முதலாளிகள் ஒருபோதும் நினைக்கவில்லை. நினைத்தது கல்விப்புலம் மட்டும்தான்.

ஓர் எதிர்வாதத்தைச் சந்திக்க வேண்டும். ஆப்பிரிக்க ஒன்றியத்தில் 55 உறுப்பு நாடுகள். அவற்றின் பெண்களில் பெரும்பாலோர் உழவிலும் சிறு வணிகத்திலும் உழல்பவர்கள். நகரத்து மேல்நடுத்தர வர்க்கத்தின் கண்ணாடியை ஆராய்வதால் என்ன பயன் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் வாழ்க்கைமுறை என்ற தலைப்பைச் சற்றுத் தோண்டினாலே வரவுசெலவுத் திட்டமும் வாணிப ஒப்பந்தமும் தட்டுப்படுகின்றன.

உடையை எடுத்துக்கொள்வோம். நைரோபியின் கிக்கோம்பா, அக்ராவின் கண்டமண்டோ போன்ற சந்தைகளில் குவியும் மேற்குலகின் பழந்துணிதான் கோடிக்கணக்கானவர்களின் உடை. குறைந்த விலையில் தனக்கென்று ஒரு பாணியை அமைத்துக்கொள்ள விரும்பும் மாணவி போவதும் அங்கேதான். கிழக்கு ஆப்பிரிக்க நாடுகள் தம் நெசவுத் தொழிலைக் காக்கப் பழந்துணி இறக்குமதியைப் படிப்படியாக நிறுத்த 2016இல் முடிவெடுத்தபோது, அமெரிக்கா வாணிபச் சலுகைகளைப் பறிப்பதாக மிரட்டியது. ஏனைய நாடுகள் பின்வாங்கின. உறுதியாக நின்ற ருவாண்டாவின் ஆடை ஏற்றுமதிக்கான சலுகை 2018இல் நிறுத்திவைக்கப்பட்டது. ஒரு பெண் சந்தையில் பேரம்பேசி வாங்கும் சட்டைக்குள் ஒரு வாணிபப் போர் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது.

மாதவிடாய் அணையாடையை எடுத்துக்கொள்வோம். எந்தப் பெண்கள் இதழிலும் 'நலம்' பகுதியில் ஓரமாக வரும் பொருள் இது. கென்யா 2004இலேயே அதன் மீதான விற்பனை வரியை நீக்கியது. 2017இல் பள்ளி மாணவிகளுக்கு இலவசமாக வழங்கச் சட்டம் இயற்றியது. தென்னாப்பிரிக்கா 2019இல் வரியை நீக்கியது. உகாண்டாவில் தேர்தல் மேடையில் வாக்களிக்கப்பட்ட இலவச அணையாடைக்குப் பணம் இல்லை என்று அரசு கைவிரித்தபோது, மானிடவியல் ஆய்வாளர் ஸ்டெல்லா நியான்சி தாமே நிதி திரட்டி மாணவிகளுக்கு வழங்கினார். குடியரசுத் தலைவரைச் சமூக ஊடகத்தில் கடுமையாகச் சாடியதற்காக அவர் 2017 ஏப்ரலில் சிறைப்பட்டார். ஓர் ஆய்வாளர் அணையாடை பற்றிப் பேசிச் சிறை சென்ற வரலாற்றை முன்வைத்துக்கொண்டு, இதில் ஆய்வு எங்கே என்று கேட்பது எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

சந்தையை நான் கொண்டாடவில்லை. 'உன் தேர்வு' என்று கூறியபடியே களிம்பும் விக்கும் கடனும் விற்கும் குரலும் ஆள்மாறாட்டக் குரல்தான். அன்றைய 'ஆசிரியை'யின் இடத்தில் இன்று விளம்பர ஒப்பந்தம் பெற்றவர் அமர்ந்திருக்கக்கூடும். நச்சுப்பொருள் கலந்த தோல்வெளுப்புக் களிம்புகளைத் தடுக்க அரசின் கை வேண்டும். தென்னாப்பிரிக்கா 1990இல் அவற்றை அடியோடு தடை செய்தது. அதற்கு மருத்துவர்களின் எச்சரிக்கையோடு கறுப்பின உணர்வு இயக்கத்தின் நீண்ட பிரசாரமும் காரணம். ஆனால் வேறுபாட்டைக் கவனியுங்கள். அங்கே ஒடுக்கப்பட்டது விற்பவர். 1968இல் துரத்தப்பட்டவள் வாங்கியவள். ஒரு தடை பெண்ணின் உடலைக் காக்கிறதா, அவள் உடலைக் கண்காணிக்கிறதா என்பதற்கு இது நல்ல உரைகல்.

அதோடு, பெண்கள் தம் பெயரிலேயே எழுதும் காலம் வந்துவிட்டது. கானாவைச் சேர்ந்த நானா தார்க்கோவா செக்யாமா 2009இல் தோழியொருவருடன் தொடங்கிய வலைப்பூவில் ஆப்பிரிக்கப் பெண்கள் தம் இல்லற, காதல் அனுபவங்களைத் தாமே எழுதினார்கள். அந்த ஈடுபாட்டின் தொடர்ச்சியாக 2021இல் அவர் ஒரு நேர்காணல் நூலையே கொண்டுவந்தார். 'அன்புள்ள டாலி'க்குக் கடிதம் எழுதியவர்களின் பேத்திகள் இப்போது கேள்வியையும் பதிலையும் தாமே எழுதுகிறார்கள். சிமமாண்டா அடிச்சியின் 'அமெரிக்கானா' முடி பின்னும் கடைக்குச் செல்லும் ஒரு பயணத்தோடு தொடங்குவதை நாம் வகுப்பில் வியந்து விளக்குகிறோம். புதினத்தில் வந்தால் பின்னல் இலக்கியம். மாணவியின் திட்டத்தில் வந்தால் விளையாட்டு!

கடைசியாக, நம் வீட்டு வாசலுக்கு வருகிறேன். 2014 ஜனவரியில் தில்லியின் கிர்க்கி பகுதியில் நள்ளிரவில் மாநில அமைச்சரொருவரே முன்னின்று ஆப்பிரிக்கப் பெண்களைக் குற்றவாளிகளைப் போல் நிறுத்தினார். அவர்கள் மீது பாய்ந்த ஐயத்துக்கு வேர், தனியாக வாழ்கிற, தனக்குப் பிடித்ததை உடுத்துகிற, இரவில் வெளியே வருகிற கறுப்பினப் பெண்ணைப் பற்றிய நம் கற்பனை. 2016 ஜனவரி இறுதியில் பெங்களூரில், வேறொருவர் ஓட்டிய கார் ஏற்படுத்திய விபத்துக்குப் பழிவாங்கத் திரண்ட கும்பல், அந்த வழியே வந்த தான்சானிய மாணவியைத் தாக்கி அவர் ஆடையைக் கிழித்தது. அவருக்கும் அந்த விபத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. கரியாகூவில் 1968இல் தொடங்கிய பட்டியலில் பெங்களூரின் ஒரு தெருவும் இருக்கிறது. அதை எழுதியவர்கள் நாம்.

நம் வளாகங்களில் ஆப்பிரிக்க மாணவிகள் படிக்கிறார்கள். அவர்களுடைய பின்னலைக் கேட்காமல் தொட்டுப் பார்ப்பவர்களும், "இது உண்மையான முடியா?" என்று கேட்டுச் சிரிப்பவர்களும் நம் வகுப்புத் தோழர்கள்தான். கருத்தரங்க அறையில் நாங்கள் சிரித்த சிரிப்பும் அந்தச் சிரிப்பும் வேறு வேறு என்று என்னால் சொல்லிக்கொள்ள முடியவில்லை.

அந்த மாணவியின் திட்டத்தில் குறைகள் உண்டு. நாடுகளை இன்னும் சுருக்க வேண்டும். இரண்டு நகரங்கள் போதும். ஆங்கில இதழ்களோடு நிற்காமல் சுவாஹிலி, யோருபா, ஹவுசா எழுத்துகளையும் பார்க்க வேண்டும். அதற்கு மொழிப் பயிற்சி வேண்டும். யார் எழுதுகிறார், யார் பணம் தருகிறார், யார் படித்துவிட்டு மறுத்து எழுதுகிறார் என்ற மூன்று கேள்விகளை ஒவ்வொரு கட்டுரையிடமும் கேட்க வேண்டும். குழு அவரிடம் இவற்றைச் சொல்லியிருக்கலாம். அவர் குறித்துக்கொண்டு போயிருப்பார்.

திட்டத்தைத் திருத்தி அடுத்த மாதம் மீண்டும் சமர்ப்பிக்கச் சொல்லியிருக்கிறார்கள். தலைப்பை மாற்றிவிடலாமா என்று நேற்று என்னிடம் கேட்டார். மாற்ற வேண்டாம் என்றேன்.